பேரிடரும் பழியும்
பாறை வெடிப்பில் உயிர் தப்பியோரின் மனநிலை குறித்து உளநூல் கூறுவது

கர்நாடக மாநிலத்துக் கோலார் தங்கவயலில், தெற்கு வடக்காக நீண்டு செல்லும் தாதுப் படுகையின் வடபகுதியில் பாலகாட் அமைந்துள்ளது. மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் என்னும் ஐந்து சுரங்கங்களின் பெயர்களே அவ்வட்டாரத்து ஊர்களின் பெயர்களாகவும் வழங்குகின்றன. ஜான் டெய்லர் நிறுவனத்தார் 1880ஆம் ஆண்டில் இங்குத் தங்கம் தோண்டும் பணியை மேற்கொண்டனர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குடும்பத்துடன் வந்து, ‘லைன்’ எனப்படும் வரிசை வீடுகளில் குடியேறினர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்படும்வரை, ஏறத்தாழ ஒன்றேகால் நூற்றாண்டுக் காலம், மூன்று நான்கு தலைமுறையினர் இப்பூமியின் அடியில் உழைத்தனர்.

அவர்கள் அனைவரும் அறிந்த அபாயம் ஒன்று உண்டு. அது பாறை வெடிப்பு. எவ்வித முன்னறிவிப்புமின்றிப் பாறை சிதறும். கண்ணிமைக்கும் நேரத்தில் தாது வெட்டும் இடம் மூடிக்கொள்ளும். மேலே ஊரில் தரை அதிரும்; சுவர்களில் விரிசல் காணும். அதிர்ச்சியை உணர்ந்தவுடன், கீழே இறங்கியவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்னும் கவலை ஒவ்வொரு வீட்டையும் பற்றிக்கொள்ளும். இறந்தோரின் எண்ணிக்கை ஏடுகளில் பதிவாயிற்று. ஆனால் உயிர் தப்பி மேலே வந்தோரின் உள்ளத்தில் எழும் ஒரு வினா எந்த ஏட்டிலும் எளிதில் அடங்குவதன்று. ‘இது யாரால் நேர்ந்தது?’ என்பதே அவ்வினா. அதற்கு ஒருவர் காணும் விடைக்கும் அவருடைய மனநலத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பதை உளநூல் ஆராய்ச்சிகள் உணர்த்தியுள்ளன. அத்தொடர்பு எத்தகையது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இயற்கையா, மனிதனா?

முதலில் பாறை வெடிப்பின் தன்மையை அறிதல் வேண்டும். பூமியின் ஆழத்தில் உள்ள பாறை, தன்மேல் உள்ள பாறைகளின் பாரத்தையும் பக்கவாட்டு அழுத்தத்தையும் தாங்கி நிற்கிறது. தாதுவை வெட்டி எடுத்தவுடன் அவ்விடம் வெற்றிடமாகிறது. அதுவரை அங்கே தாங்கப்பட்ட பாரம் சுற்றியுள்ள பாறைகளின்மீது ஏறுகிறது. வெட்டாமல் விடப்பட்ட பாறைத் தூண்களில் இந்த அழுத்தம் மிகுதியாகச் சேர்கிறது. கோலாரின் குவார்ட்ஸ் பாறையும் அதைச் சூழ்ந்த ஷிஸ்ட் பாறையும் மிக உறுதியானவை. மென்மையான பாறை மெல்ல மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும். உறுதியான பாறையோ எல்லைவரை தாங்கி, அவ்வெல்லை கடந்ததும் ஒரே கணத்தில் உடையும். சேமித்துவைக்கப்பட்ட ஆற்றல் முழுவதும் அப்போது வெளிப்படுகிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டியது. ஆழம் கூடக் கூட அபாயமும் கூடியது.

தொடக்க காலத்தில் இந்நிகழ்ச்சிக்குக் ‘காற்று வெடிப்பு’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரையே வழங்கினர். பாறை சிதறும்போது எழும் காற்றின் வேகத்தைக் கண்டு சூட்டிய பெயர் அது. அப்பெயரில் மனிதனின் கை இல்லை. பாறையினுள் ஏதோ அடைபட்டிருந்தது, அது வெளிப்பட்டது என்பதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. பின்னர் அதிர்வுமானிகளைக் கொண்டு ஆராய்ந்தபோது உண்மை வேறாக விளங்கிற்று. எந்த இடத்தை முதலில் வெட்டுவது, எந்தத் தூணை விட்டுவைப்பது, வெற்றிடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்னும் முடிவுகளே வெடிப்பின் இடத்தையும் வலிமையையும் பெரிதும் நிர்ணயிக்கின்றன என்பது தெளிவாயிற்று. 1950களில் இதனை ஆராயத் தனிக் குழு அமைக்கப்பட்டது. மரத்தாங்கிகளுக்குப் பதிலாகக் கருங்கல் அடுக்குச் சுவர்களும், பிற்காலத்தில் கான்கிரீட்டும் பயன்பட்டன. வெட்டும் வரிசைமுறையும் மாற்றியமைக்கப்பட்டது. பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் துணையுடன் அதிர்வு உணரும் கருவிகளின் வலையமைப்பு நிறுவப்பெற்றது. 1988இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தோன்றியது.

ஆகவே பாறை வெடிப்பு முற்றிலும் இயற்கையின் செயலும் அன்று. முற்றிலும் மனிதனின் செயலும் அன்று. பூமியின் அழுத்தம் இயற்கையானது. அதனைக் குலைத்தது மனிதனின் உளி. இந்த இரட்டைத் தன்மையே உயிர் தப்பியோரின் உள்ளத்தில் பழியைப் பற்றிய குழப்பத்தை விளைவிக்கிறது. புயலில் வீடிழந்தவர் வானத்தை நோக்குகிறார். கலவரத்தில் வீடிழந்தவர் எதிரியை நோக்குகிறார். பாறை வெடிப்பில் தப்பியவர் எத்திசையை நோக்குவது?

பழியின் நான்கு வாயில்கள்

ஒரு நிகழ்ச்சிக்குக் காரணம் கற்பித்தல் மனித இயல்பு. 1958இல் வெளியான தம் நூலில் ஃபிரிட்ஸ் ஹைடர் என்னும் உளநூல் அறிஞர் இதனை விரிவாக ஆராய்ந்தார். சாதாரண மனிதனும் விஞ்ஞானியைப் போலவே தன்னைச் சுற்றி நிகழ்பவற்றின் காரணங்களைத் தேடுகிறான் என்பது அவர் கருத்து. துன்பம் நேரும்போது இத்தேட்டம் பன்மடங்கு வலுக்கிறது. காரணம் தெரிந்தால் மறுமுறை தப்பலாம் என்னும் நம்பிக்கையே இதற்கு அடிப்படை.

சுரங்கத்தில் விபத்திலிருந்து மீண்டவருக்கு நான்கு விடைகள் கிட்டக்கூடும். முதலாவது, விதி அல்லது தெய்வம்: ‘அவனவன் ஆயுள் அவ்வளவுதான்.’ இரண்டாவது, இயற்கை: ‘பாறை வெடித்தது, யார் என்ன செய்ய இயலும்?’ மூன்றாவது, பிறர்: ‘மேலதிகாரி எச்சரிக்கையைப் பொருட்படுத்தவில்லை, கம்பெனி தாதுவையே கருதிற்று.’ நான்காவது, தான்: ‘தாங்கியைச் சரியாக நிறுத்தினேனா? அன்று ஷிப்ட்டை மாற்றிக்கொள்ளாதிருந்தால் அவன் பிழைத்திருப்பான் அல்லவா?’ ஒரே மனிதர் ஒரே இரவில் இந்நான்கு விடைகளுக்கிடையே அலைவதும் உண்டு.

இவற்றுள் எந்த விடை மனத்திற்கு நன்மை பயப்பது, எது தீமை பயப்பது? முதற்பார்வையில், தன்னை நொந்துகொள்வது தீமை, பிறரைப் பழிப்பது ஆறுதல் என்று தோன்றலாம். ஆராய்ச்சியாளர் கண்டது அவ்வளவு எளிதாக இல்லை.

தன்னை நொந்துகொள்ளுதல்

1977இல் அமெரிக்காவில் ரானி புல்மன், கமில் வார்ட்மன் ஆகிய இருவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். விபத்துக்களால் உடல் செயலிழந்த 29 பேரை அவர்கள் பேட்டி கண்டனர். விபத்துக்குப் பிறரைப் பழித்தோரும், அது தவிர்த்திருக்கக்கூடியது என்று எண்ணியோரும் தம் நிலையை ஏற்றுக்கொள்ளுதலில் பின்தங்கினர். ஓரளவு தம்மையே பொறுப்பாக்கிக்கொண்டோர் நன்கு தேறினர். இம்முடிவு பலருக்கு வியப்பளித்தது.

1979இல் ஜேனாஃப்-புல்மன் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தன்னைப் பழித்தலில் இரு வகை உண்டு. ‘அன்று நான் செய்த செயல் தவறு’ என்று கருதுவது ஒரு வகை. ‘நான் இயல்பாகவே அத்தகையவன், எனக்கு இதுவே நேரும்’ என்று கருதுவது மற்றொரு வகை. செயலைத் திருத்த இயலும். ஆகவே முதல் வகையினருக்கு, இனி எச்சரிக்கையாக இருந்தால் தப்பலாம் என்னும் பிடிப்பு எஞ்சுகிறது. இயல்பை மாற்ற இயலாது. ஆகவே இரண்டாம் வகையினர் சோர்வில் ஆழ்கின்றனர்.

ஆயினும் இவ்விளக்கம் எல்லா இடங்களிலும் பொருந்திற்றில்லை. 1987 மார்ச் 6ஆம் நாள் பெல்ஜிய நாட்டு ஸேபுருகு துறைமுகத்திற்கு அருகே ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ என்னும் கப்பல் கவிழ்ந்து 193 பேர் மாண்டனர். முகப்புக் கதவுகளை மூடாமலேயே கப்பல் புறப்பட்டுவிட்டது. 1988 அக்டோபரில் கிரேக்க நாட்டுக் கடலில், பிரிட்டிஷ் பள்ளி மாணவர் பலர் பயணம் செய்த ‘ஜூபிடர்’ கப்பல் மூழ்கியது. இவ்விரு விபத்துக்களிலும் உயிர் தப்பியோரை ஜோசப், ப்ரூயின், யூல், வில்லியம்ஸ் என்போர் ஆராய்ந்தனர். விபத்தின்போது தமக்கு நேர்ந்தவற்றுக்குத் தம்மையே காரணமாகக் கருதியோரிடம், அக்காட்சிகள் வேண்டாமலேயே மீண்டும் மீண்டும் நினைவில் எழுவதும் மனச்சோர்வும் மிகுந்து காணப்பட்டன.

இவ்விரு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும், ஊன்றி நோக்கின் அவ்வாறல்ல. உடல் செயலிழந்தோர் பெரும்பாலும் தம் சொந்தச் செயலால் தமக்கே நேர்ந்த தீங்கைக் குறித்துப் பேசினர். கப்பலில் தப்பியோர் பிறருடைய மரணத்தின் நடுவே பிழைத்தவர்கள். கைகொடுக்க இயலாமற்போனது, ஒருவரை விட்டு ஏறியது, முந்திச் சென்றது ஆகியனவே அவர்கள் நெஞ்சை உறுத்தின. அங்கே தன்னைப் பழித்தல், எதிர்காலத்தைக் காக்கும் பாடமாக அமையவில்லை. மீட்க முடியாத கடந்த காலத்தின் தண்டனையாக அமைந்தது.

சுரங்கத் தொழிலாளியின் நிலை இரண்டாவதை ஒத்தது. சுரங்கத்தில் எவரும் தனித்து வேலை செய்வதில்லை. துளையிடுவோர், வெடி வைப்போர், தாங்கி நிறுத்துவோர் ஆகியோர் ஒருவர் உயிரை மற்றவர் கையில் ஒப்படைத்தே இறங்குகின்றனர். அவர்கள் பெரும்பாலும் ஒரே லைனில் வாழ்வோர், பலர் உறவினர். உயிர் தப்பியவர் மறுநாள் இறந்தவரின் மனைவி மக்களை எதிர்வீட்டில் காண வேண்டியிருக்கிறது. தான் ஏன் பிழைத்தோம் என்னும் குற்ற உணர்வு இத்தகைய ஊர்களில் எளிதில் மறைவதில்லை.

பிறரைப் பழித்தல்

பிறர்மீது பொறுப்பைச் சுமத்துவதன் விளைவு யாது? மோட்டார் விபத்துக்களில் காயமுற்றோரைப் பற்றி 1997இல் டெலஹன்டி முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. விபத்துக்குப் பிறரே பொறுப்பு எனக் கருதியோரிடம், தாமே பொறுப்பு எனக் கருதியோரைவிட, ஆறு மாதமும் ஓராண்டும் கழிந்த பின்னும் மன உளைச்சல் மிகுதியாக இருந்தது. தன் எச்சரிக்கை எவ்வளவு இருப்பினும், பிறன் ஒருவனின் கவனக்குறைவு மீண்டும் எந்நேரமும் தன்னைத் தாக்கலாம் என்னும் அச்சம் அவர்களை விட்டு அகலவில்லை எனலாம்.

1979 மார்ச் 28இல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்டு அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. அதனருகே வாழ்ந்தோரை ஆண்ட்ரூ பாம் என்பவரும் அவருடைய துணைவரும் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். அங்கும், தம் நிலைக்குத் தாமும் ஓரளவு பொறுப்பு எனக் கருதியோரிடம் அறிகுறிகள் குறைவாகவே காணப்பட்டன. பாம் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினார். புயலையும் நிலநடுக்கத்தையும் மனிதன் என்றுமே அடக்கி ஆண்டதில்லை; ஆகவே அவை தாக்கும்போது அவன் எதையும் இழந்ததாகக் கருதுவதில்லை. இயந்திரங்களோ மனிதனின் ஆணைக்கு உட்பட்டவை எனக் கருதப்படுபவை. அவை கட்டுமீறும்போது, இருந்த பிடி பறிபோயிற்று என்னும் உணர்வு எழுகிறது. இயற்கைச் சீற்றத்தின் உச்சம் கடந்ததும் மனம் மீளத் தொடங்குகிறது. மனிதன் விளைத்த பேரிடரில் எது உச்சம், எது முடிவு என்பதே தெரிவதில்லை.

பொறுப்பை மறுத்தலால் விளையும் தீங்கு

பிறரைப் பழித்தல் மனநலத்தைக் குலைக்கும் என்றால், பாதிக்கப்பட்டோரைப் பழியை மறந்துவிடுமாறு கூறலாமா? கூடாது என்பதற்கு இரண்டு சுரங்க ஊர்களின் அனுபவம் சான்றாகும்.

1966 அக்டோபர் 21ஆம் நாள் வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் என்னும் ஊரில், நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவுக் குன்று சரிந்து பள்ளிக்கூடத்தின்மீது விழுந்தது. 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் மாண்டனர். தேசிய நிலக்கரி வாரியம் தொடக்கத்தில் பொறுப்பை ஏற்கவில்லை. விசாரணைக் குழு 1967இல் அளித்த அறிக்கையில் பொறுப்பு அவ்வாரியத்தையே சாரும் என்று தெளிவாகக் கூறிற்று. அப்பள்ளியில் படித்து உயிர் தப்பியோரை 33 ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, அவர்களுள் 46 சதவீதத்தினர் வாழ்நாளில் ஏதோ ஒரு காலத்தில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோய்க்கு ஆளாகியிருந்தனர். 29 சதவீதத்தினரிடம் அந்நோய் அப்போதும் இருந்தது.

1972 பிப்ரவரி 26இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், பஃபலோ கிரீக் என்னும் பள்ளத்தாக்கில், நிலக்கரிக் கழிவால் எழுப்பிய அணை உடைந்தது. 125 பேர் இறந்தனர். 4,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். கம்பெனியின் சார்பில் இஃது ஆண்டவனின் செயல் என்று அறிவிக்கப்பட்டது. சமய நம்பிக்கை மிக்க அம்மக்களை அச்சொற்கள் வெள்ளத்தைக் காட்டிலும் மிகுதியாகப் புண்படுத்தின. தம் குற்றத்தை மறைக்கத் தெய்வத்தின் பெயரைக் கூறுவதா என்று அவர்கள் கொதித்தனர். சமூகவியல் அறிஞர் காய் எரிக்சன் 1976இல் வெளியிட்ட நூல் இதனை விரித்துரைக்கிறது. 14 ஆண்டுகள் கழிந்த பின்னும் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் நோய் நீங்காதிருந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளாலும் விளங்குவது ஒன்று. உள்ளத்தை வருத்துவது பழி என்னும் எண்ணம் மட்டுமன்று; அப்பழிக்கு உரியவர் அதனை ஏற்க மறுப்பதும் வருத்துகிறது. உண்மையாகவே தவறு செய்தவர் இருக்கையில், பாதிக்கப்பட்டவரின் கோபத்தை நோயின் அறிகுறியாகக் கருதி அதற்கு மருந்து தேடுவது நீதியாகாது. நம் நாட்டில் போபால் நிகழ்ச்சி இதற்கு எடுத்துக்காட்டு. 1984 டிசம்பர் 2, 3 நாட்களின் இடைப்பட்ட இரவில் நச்சுவாயு கசிந்தது. அதன்பின் மருத்துவ நிலையங்களுக்கு வந்தோருள் 855 பேரை லக்னோ மனநல மருத்துவர் பரிசோதித்தபோது, ஐந்தில் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் மனநோய் காணப்பட்டது. நட்டஈடு குறித்த உடன்பாடு 1989இல்தான் ஏற்பட்டது. முன்னாள் அதிகாரிகள் எழுவருக்கு நீதிமன்றம் தண்டனை விதித்தது 2010இல். ‘யாரால்?’ என்னும் வினாவுக்கு அரசாங்க முத்திரையுடன் கூடிய விடை கிடைக்க 26 ஆண்டுகள் ஆயின. அத்தனை காலமும் அவ்வினாவைச் சுமந்தவர்கள் பாதிக்கப்பட்ட மக்களே.

விதியும் தெய்வமும்

விதியை நம்புதல் மக்களைச் செயலற்றோர் ஆக்கும் என்று கூறுவோர் உளர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் கண்ட அனுபவம் இக்கூற்றை முழுமையாக ஆதரிக்கவில்லை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 பேர் மாண்டனர். ஒன்பது மாதங்களுக்குப் பின், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் அம்மாவட்டத்தின் நான்கு ஊர்களில் மக்களைக் குழுக்களாக அமர்த்தி உரையாடினர். பேரிடருக்கான காரணத்தையும் அதன் பொருளையும் மக்கள் தத்தம் பண்பாட்டிற்கு ஏற்பத் தாமே அமைத்துக்கொண்டனர் என்பதை அவர்கள் கண்டனர். தனிப்பட்ட முயற்சி, உறவு, ஊர்க்கட்டுப்பாடு, இறைநம்பிக்கை ஆகியவற்றை மக்கள் மனநலச் சிகிச்சையைக் காட்டிலும் மேலாக மதித்தனர். 2008இல் வெளியான இவ்வாராய்ச்சி, வெளியிலிருந்து செல்வோர் ஊராரின் விளக்கங்களை முதலில் செவிமடுக்க வேண்டும் என்பதை வலியுறுத்துகிறது.

ஆயினும் தெய்வ நம்பிக்கையிலும் இரு வகை உண்டு. கென்னத் பார்கமென்ட் என்னும் அறிஞர் இதனைப் பகுத்துக் காட்டியுள்ளார். ‘இறைவன் துணையிருக்கிறான், இதனையும் தாங்குவோம்’ என்று கருதுவோர் எளிதில் தேறுகின்றனர். ‘இறைவன் என்னைத் தண்டித்தான், என்னைக் கைவிட்டான்’ என்று கருதுவோரிடம் மன உளைச்சல் மிகுகிறது. பின்னது தெய்வத்தின் பெயரால் தன்னையே பழித்துக்கொள்ளுதலன்றி வேறன்று. ஜேனாஃப்-புல்மன் கூறிய ‘இயல்பைப் பழித்தல்’ இங்கே வேறு வேடத்தில் தோன்றுகிறது.

ஊரார் சுமத்தும் பழி

பாதிக்கப்பட்டவர் தாமே தேடும் காரணம் ஒருபுறமிருக்க, பிறர் அவருக்குக் கற்பிக்கும் காரணம் மற்றொருபுறம். உலகம் நேர்மையானது, நல்லவருக்குத் தீங்கு நேராது என்று நம்ப மனிதன் விரும்புகிறான் என்று மெல்வின் லெர்னர் எடுத்துக்காட்டினார். இந்நம்பிக்கையைக் காத்துக்கொள்ளும்பொருட்டு, துன்புற்றவரிடமே ஏதேனும் குற்றம் காண்கிறான். ‘அவன் குடித்துவிட்டு இறங்கியிருப்பான்’, ‘விதிமுறையை மதித்திருக்க மாட்டான்’ என்னும் பேச்சுக்கள் எந்தத் தொழில் ஊரிலும் கேட்கக்கூடியவை. பேசுவோருக்கு இதனால் ஒரு நிம்மதி உண்டு: தாம் அவ்வாறு செய்யாதவரை தமக்கு ஆபத்தில்லை என்று எண்ணிக்கொள்ளலாம். அந்நிம்மதியின் விலையை இறந்தவரின் குடும்பம் செலுத்துகிறது.

தங்கவயலில் பாறை வெடிப்பைப் போலவே அஞ்சப்பட்ட சிலிகோசிஸ் நோய்க்கும் இது பொருந்தும். பாறையைத் துளையிடும்போது எழும் நுண்ணிய தூள் நுரையீரலில் படிந்து, அதன் திசுக்களைத் தழும்பாக்கி, மூச்சை நெரிக்கும் நோய் அது. கண்ணுக்குப் புலப்படாத தூள், ஆண்டுகள் பல கடந்தே தன் விளைவைக் காட்டுகிறது. காரணத்திற்கும் விளைவிற்கும் இடையே காலம் நீளும்போது, உண்மையான காரணம் மறைந்து, புகையும் குடியும் உணவுக்குறையும் அவ்விடத்தில் வைக்கப்படுவது எளிது. எக்ஸ்ரே படம் வந்த பின்னரே தூளின் பங்கு மறுக்க இயலாததாயிற்று. நோயாளிக்கு அந்தப் படம் ஒரு கொடிய செய்தி. ஆயினும் அவருடைய மூச்சுத்திணறல் அவர் தேடிக்கொண்டதன்று என்பதற்கு அதுவே சாட்சி.

சட்டம் காட்டிய வழி

நிவாரணத்தையும் பழியையும் தனித்தனியே பிரிக்க இயலுமா? 1923ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் அத்தகைய முயற்சிகளுள் ஒன்று. வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேர்ந்த விபத்துக்கு, முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டிய தேவையின்றியே நட்டஈடு உண்டு என்று அச்சட்டம் விதித்தது. தொழிலாளி போதையில் இருந்தார், விதிமுறையை வேண்டுமென்றே மீறினார் என்பன போன்ற மறுப்புக்களையும், மரணம் நேர்ந்த இடத்தில், பின்னர்த் திருத்தப்பட்ட அச்சட்டம் ஏற்கவில்லை. உளநூல் நோக்கில் இதன் பயன் பெரிது. கணவனை இழந்தவள் தன் மக்களுக்குச் சோறு தேடுவதற்காக, அவன் குற்றமற்றவன் என்று மன்றத்தில் போராட வேண்டியதில்லை.

ஆனால் பணம் மட்டும் ‘ஏன்?’ என்னும் வினாவுக்கு விடையாகாது. அதற்கு விசாரணை வேண்டும். விசாரணையின் முடிவு பாதிக்கப்பட்டோருக்குப் புரியும் மொழியில் அவர்களிடம் சேர்க்கப்பட வேண்டும். பாறை வெடிப்பைப் பொறுத்தவரை இஃது இயலக்கூடியதே. எந்த இடத்தில் அழுத்தம் சேர்ந்தது, எந்தத் தூண் உடைந்தது, அங்கே நின்ற தொழிலாளி எதைச் செய்திருப்பினும் அதனைத் தடுத்திருக்க இயலுமா என்பதை அதிர்வுமானியின் பதிவு பெருமளவு காட்டவல்லது. தாங்கியைச் சரியாக நிறுத்தவில்லையோ என்று ஆண்டுக்கணக்கில் தன்னை நொந்துகொள்ளும் ஒருவருக்கு, ‘அந்த ஆற்றலின் முன் எந்த மரத்தாங்கியும் நில்லாது’ என்னும் விளக்கம் மருந்துக்கு நிகரானது. அதுபோலவே, தவிர்க்கக்கூடிய தவறு மேலே எங்கேனும் நிகழ்ந்திருந்தால், அதனை ஒளிக்காமல் கூறுவதும் மருந்தே. பாறை இயந்திரவியல் உயிரைக் காக்கும் கலை என்று கருதப்படுகிறது. உயிரோடு எஞ்சியோரின் உள்ளத்தைக் காக்கவும் அது உதவும் என்பது பலரும் எண்ணாத ஒன்று.

ஆராய்ச்சியின் எல்லை

மேற்கூறிய ஆராய்ச்சிகளைக் கொண்டு அவசர முடிவுகளுக்கு வருதல் ஆகாது. பெரும்பாலானவை தொடர்பைக் காட்டுகின்றனவேயன்றி, எது காரணம் எது விளைவு என்பதை உறுதியாகக் காட்டுவதில்லை. தன்னைப் பழித்துக்கொள்வதால் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறதா, அல்லது மனச்சோர்வு வந்தமையால் அவர் தன்னைப் பழித்துக்கொள்கிறாரா? இரண்டும் நிகழலாம்; ஒன்று மற்றொன்றை வளர்க்கலாம். இன்னொன்றும் நினைவிற்கு உரியது. பேரிடரின் கொடுமை, உயிரிழந்தோர் யார், வீடும் வேலையும் எஞ்சினவா, உறவினர் அருகில் உள்ளனரா என்பனவே மனநலத்தைப் பெரிதும் நிர்ணயிக்கின்றன. பழியைப் பற்றிய நம்பிக்கை இவற்றோடு சேர்ந்து இயங்கும் ஒரு கூறு.

ஆயினும் சில முடிவுகளை உறுதியாகக் கொள்ளலாம். தன் இயல்பையே பழித்துக்கொள்வதும், தெய்வம் தன்னைத் தண்டித்தது என எண்ணுவதும் தீங்கு விளைப்பவை. அத்தகைய பேச்சு ஒருவரிடம் நீடித்தால் மருத்துவரின் உதவி தேவை. தன் செயலைப் பற்றிய வருத்தம், திருத்திக்கொள்ளக்கூடிய ஒன்றைக் குறித்ததாயின் தீங்கற்றது. பிறர் மரணத்தைக் குறித்ததாயின் நீண்டு வருத்தக்கூடியது. பிறர்மீதான கோபம், விசாரணையும் ஒப்புதலும் கிடைக்காதபோது ஆறாப் புண்ணாகிறது. அதனை ஆற்றும் பொறுப்பு கோபம் கொண்டவரைவிட, விடை கூற வேண்டியவரையே மிகுதியும் சார்ந்தது.

துணைபுரிவோர் செய்யத்தக்கவை

விபத்து நேர்ந்த ஊரில் பணிபுரியும் மருத்துவர், ஆசிரியர், தொழிற்சங்கத்தினர், சமூக ஊழியர் ஆகியோர் சிலவற்றை மனத்தில் கொள்ளுதல் நன்று. உயிர் தப்பியவர் தாமாகக் கூற முன்வராதபோது, நடந்ததை விவரிக்குமாறு வற்புறுத்தலாகாது. ‘உன் தவறு இல்லை’ என்று உடனே மறுப்பதைவிட, அவர் எதனைத் தவறு என்று கருதுகிறார் என்பதைக் கேட்டறிதல் மேல். அவருடைய விளக்கம் விதியாயினும் தெய்வமாயினும் அதனை எள்ளி நகையாடலாகாது. விபத்தின் காரணம் குறித்து உறுதியாகத் தெரிந்ததை மட்டுமே கூற வேண்டும். ஆறுதலுக்காகப் பொய் கூறினால், உண்மை வெளிப்படும் நாளில் இரட்டைக் காயமாகும். இறந்தவரைப் பற்றிய வதந்திகளை அவ்வப்போது மறுத்தல் ஊரின் கடமை. உறக்கமின்மை, திடுக்கிடல், வெறுப்பு, குடிப்பழக்கம் ஆகியன வாரக்கணக்கில் நீடித்தால், பெங்களூரின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் போன்ற நிலையங்களின் உதவியை நாடத் தயங்கலாகாது.

பாலகாட் உள்ளிட்ட தங்கவயல் ஊர்களில் இன்று யாரும் ஆழத்திற்கு இறங்குவதில்லை. கைவிடப்பட்ட சுரங்கங்களில் நீர் நிறைந்துள்ளது. பாறையின் அதிர்வுகள் சுரங்கம் மூடப்பட்ட பின்னும் பதிவாகியுள்ளன. வேலை தேடி மக்கள் நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்குச் சென்று திரும்புகின்றனர். சுரங்கம் மூடியதும் அவ்வூர்களுக்கு ஒரு பேரிடரே. அதற்கும் தாது குறைந்ததா, செலவு கூடியதா, நிர்வாகம் தவறியதா என்று விடைகள் பல கூறப்படுகின்றன. வேலையிழந்த ஒருவர் அவ்விடைகளுள் தன் தகுதியின்மையையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளாதவாறு காத்தல், பாறை வெடிப்பில் தப்பியவரைக் காத்தலுக்குச் சற்றும் குறைந்த பணியன்று.